துபாய்க்கு ஒரு ரூட், கனடாவுக்கு ஒரு ரூட்... உங்க சர்டிஃபிகேட்டுக்கு எந்த முத்திரை வேணும்?

வெளிநாட்டு ஆஃபர் லெட்டர் வந்ததும் அடுத்த கேள்வி, "சர்டிஃபிகேட் அட்டெஸ்டேஷன் பண்ணியாச்சா?" இங்கேதான் பலரும் குழம்பி, ஏஜென்ட் கேட்கும் தொகையை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள்.

விஷயம் சிம்பிள். ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை போதும். தூதரகத்துக்கு அலைய வேண்டாம். இந்தியாவில் இது 2005 முதல் அமலில் இருக்கிறது. 2022-ல் சவுதியும், 2024-ல் கனடாவும் இணைந்ததால், அங்கே போகிறவர்களுக்கு ஒரு படி மிச்சம்.

ஆனா, அமீரகம், கத்தார், குவைத் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே தூதரக முத்திரையும், அந்நாட்டு வெளியுறவுத்துறை முத்திரையும் வேணும். ஜெர்மனி இன்னொரு ட்விஸ்ட்! ஒப்பந்தத்தில் இருந்தாலும், இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்த நாடு அது. அதனால் அப்போஸ்டிலை நம்பிப் போக முடியாது.

வழக்கமாக முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு மத்திய வெளியுறவுத்துறை. ஓர் ஆவணத்துக்கு அப்போஸ்டில் அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான். மற்றதெல்லாம் சர்வீஸ் சார்ஜ்.

இன்னொன்று... அப்போஸ்டில், கையெழுத்தும் முத்திரையும் அசல் என்றுதான் சொல்லும். உங்க டிகிரிக்கு அங்கே மதிப்பு உண்டா என்பது தனிக் கதை. எனவே, எந்த முத்திரை வேணும்னு கம்பெனியிடம் மெயிலில் கேட்டு வாங்குங்க. ஏஜென்ட்டுக்குப் பணம் அனுப்புவது அதுக்கப்புறம்!