நோய்க்குக் குடி வேறுபாடில்லை

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களிலே புதிதாய் ஒருவரைக் கண்டால் "என்ன குடி?" என வினவுதல் வழிவழி வந்த வழக்கம். கிரானிலும் அவ்வாறே. தாயின் குடியே பிள்ளையின் குடி. கோயில் உரிமையும் மணவினையும் இக்கணக்கின்படியே நடந்து வந்தன. இம்மரபில் நமக்குப் பெருமையுண்டு. எனினும் ஓரிடத்தில் மட்டும் தாய்வழிக் கணக்குப் போதாது. அவ்விடம் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்.

அங்கே மருத்துவமாது, "குடும்பத்தில் யாருக்கேனும் நீரிழிவு உண்டா?" என்று கேட்கின்றார். "அம்மாவுக்கு இல்லை" என்பதோடு நம் பெண்கள் நின்றுவிடலாகாது. தந்தைக்கும் உடன்பிறந்தார்க்கும் உண்டா என்பதையும் சொல்லல் வேண்டும். மனிதருக்குள்ள 46 நிறமூர்த்தங்களில் 23 தாய் தந்தவை; 23 தந்தை தந்தவை. இயற்கை குடி பார்ப்பதில்லை.

கர்ப்பகாலத்தில் நச்சுக்கொடி சுரக்கும் ஓமோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஆகவே தாயின் சதையி வழக்கத்தினும் மிகுதியாக இன்சுலினைச் சுரத்தல் வேண்டும். சிலருக்கு அவ்வாற்றல் பிறப்பிலேயே குறைவு. 2006ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர் நீரிழிவோடு தொடர்புபடுத்திய டி.சி.எப்.7எல்.2 என்னும் பரம்பரை அலகின் ஒரு வகை, இன்சுலின் சுரப்பைத் தளர்த்துவது. கர்ப்பகால நீரிழிவிலும் அதற்குப் பங்குண்டு எனப் பின்னர் அறியப்பட்டது. இத்தகைய அலகுகள் பல. ஒவ்வொன்றும் தருவது சிறு சுமையே.

அப்படியாயின் இது தலையெழுத்தா? அன்று. தமிழ்நாட்டில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்றைப் பாருங்கள். கர்ப்பகால நீரிழிவு நகரத்துப் பெண்களில் 100க்கு 17.8 பேரிடமும், கிராமத்துப் பெண்களில் 9.9 பேரிடமும் காணப்பட்டது. பரம்பரை ஒன்றே காரணமாயின் இத்துணை வேற்றுமை இராது. உணவும் உடலுழைப்பும் உடற்பருமனும் வயதும் சேர்ந்தே நோயை வெளிக்கொணர்கின்றன.

ஆதலின், குடும்பத்தில் எவர்க்கும் நோயில்லை என்று துணிந்து பரிசோதனையைத் தவிர்த்தல் தவறு. கிளினிக்கில் குறித்த நாளில், சிறப்பாக 24 முதல் 28 வாரங்களுக்கிடையில், குளுக்கோசுப் பரிசோதனை செய்துகொள்க. கவனியாது விட்டால் சிசு அளவுக்கு மீறிப் பருக்கும், பேறு கடினமாகும். பிள்ளை பெற்றதும் சீனி இறங்கிவிடும். அத்துடன் மறந்துவிடுவோர் பலர். இந்நோய் வந்த தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு, வாராதோரினும் ஏழு மடங்கிற்குக் குறையாது. பேற்றின் பின் 6 முதல் 12 வாரங்களுள் மீண்டும் சோதித்தல் இன்றியமையாதது.

இறுதியாக மாமிமார்க்கு ஒரு சொல். மருமகளுக்குச் சீனி என்றறிந்ததும் "உன் வீட்டு வருத்தம்" என்று கடிந்துரைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அவள் வயிற்றுப் பிள்ளையின் பாதி உங்கள் மகன் தந்தது. பழிச்சொல்லுக்கு அஞ்சும் பெண், மருத்துவமாதுவிடமும் உண்மையை மறைப்பாள். அதனால் கேடடைவது உங்கள் பேரப்பிள்ளையே. குற்றங் காண்பதை விடுத்து, இரு குடும்பத்தாரும் தத்தம் வீட்டு நோய்களை மனம்விட்டுச் சொல்லுதலே அத்தாய்க்குச் செய்யும் உதவியாகும்.