பதக்கத்தில் எது ஒரிஜினல்?

இந்தத் தடவை சினிமாவும் இல்லை, செமஸ்டர் புலம்பலும் இல்லை. பழைய போர்ப் பதக்கம் சேர்க்கிறவர்களோடு ஒரு சண்டை.

பதக்கத்தைக் கையில் எடுத்ததும் இவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஒரிஜினலா?". சரி, எது ஒரிஜினல்? முதல் உலகப்போரில் (1914-18) போன நம் சிப்பாய்களுக்குக் கிடைத்த "பிரிட்டிஷ் வார் மெடல்" 1919-ல் அறிவிக்கப்பட்டது. 36 மில்லிமீட்டர் விட்டம், நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை வீரன். லட்சக்கணக்கில் அடித்த இந்த இரண்டு பக்கமும் எல்லாப் பதக்கத்திலும் ஒன்றுதான். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அந்த ஒரு வரிதான் ஒரிஜினல். மற்றதெல்லாம் வெறும் வெள்ளி.

வெள்ளி என்றதும் எங்க சேலம் ஞாபகம் வந்திருக்குமே! கொலுசுக்குப் பேர் போன ஊர். இங்கே பழைய வெள்ளி என்றால் எடை போடு, உருக்கு, அவ்வளவுதான். தாத்தாவின் தாத்தா பெயரோடு இருக்கும் பதக்கம் தராசில் ஏறினால் ஏறத்தாழ 30 கிராம். அடுத்த வாரம் அது யார் காலிலோ சலங்கையாகக் குலுங்கும். பெயர்? போயே போச்சு.

உருக்குகிறவராவது தெரியாமல் செய்கிறார். தெரிந்தே செய்கிறவர்களை என்ன சொல்ல? விளிம்பை அராவி, விலை போகிற வேறு பெயரைப் பொறித்து விற்கிறார்கள். (அராவினால் விட்டம் குறையும், அளந்தால் மாட்டிக்கொள்வார்கள்.) ஒரே ஆளின் மூன்று பதக்கங்களைப் பிரித்து மூன்று பேருக்கு விற்கிறவரும் உண்டு. இவர்கள்தான் வரலாற்றைக் காப்பாற்றுகிறார்களாம்!

"வெள்ளைக்காரன் கொடுத்த அடிமைச் சின்னம்தானே, போனால் என்ன?" என்று சிலர் பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். தலை ராஜாவுடையது, பெயர் நம் ஆளுடையது ஐயா. மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியம் 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அதே ஆண்டு அதே இத்தாலியில் மோன்டே காசினோவில் சண்டை போட்ட போலந்துக்காரர்களுக்கு ஒரு நினைவுச் சிலுவை கிடைத்தது. அதன் பின்னால் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கோ பெயரே கையில் இருக்கிறது, அதைத்தான் அராவுகிறோம்!

சேர்ப்பது தப்பில்லை. ஆனால் வாங்கினால் சேர்த்தே வாங்குங்கள். விளிம்பைப் போட்டோ எடுங்கள். எந்த ஊர், எந்த வீடு என்று விற்கிறவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நூறு வயது தாண்டிய பழம்பொருளை வெளிநாட்டுக்கு விற்க நினைக்காதீர்கள், 1972-ம் ஆண்டுச் சட்டம் தனியாரை விடாது.

இத்தனையும் முடியாது என்றால் தபால்தலை சேருங்கள். அதன் விளிம்பில் யார் பெயரும் இல்லை.

உங்க வீட்டுப் பரண் மேல் ஏதாவது கிடக்கிறதா? எடைக்குப் போடுவதற்கு முன்னால் விளிம்பை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.