தண்ணிப் போத்தலை முதலில் வையுங்கோ

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியால் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். ஸ்கூட்டியில் முதல்முறை வெளிக்கிட்டபோது நான் கவனமாகச் செய்த ஒரே ஆயத்தம், விடிய எழும்பினதிலிருந்து தண்ணி குடிக்காமல் விட்டதுதான். வழியில் அவசரம் வந்தால் எங்க போறது? திரும்பி வந்து மூன்று நாள் சலக்கடுப்போடு கிடந்தேன்.

இப்போ பைக்குள் முதலில் போறது தண்ணிப் போத்தல். பிறகு ரிசு, சின்னச் சவர்க்காரம், மாற்று உள்ளாடை, மாதவிடாய் நாள் இல்லாவிட்டாலும் நாலு பாட், பாவிச்சதைச் சுற்றிவைக்க ஒரு கறுப்புச் சொப்பிங் பை. இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். வேர்வையில் தொடை உரஞ்சிப் புண்ணாகும். தளர்வான பருத்திக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை நல்லம். சோலைத் தொங்க விடாதீங்கோ, சில்லுக்குள் சுற்றினால் உயிருக்கே ஆபத்து. மணித்தியாலத்துக்கு ஒருக்கா இறங்கிக் கால் நீட்டுங்கோ. முறிகண்டியில் எல்லா வாகனமும் நிக்கும், நீங்களும் நில்லுங்கோ.

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு தூரம்?" எண்டு கேக்கிறவைக்கு ஒண்டு சொல்லவேணும். தூரத்தை நாங்கள் ஓடி முடிப்பம். தண்ணி வாற, உள்ளுக்குப் பூட்டக்கூடிய ஒரு கழிப்பறையைத்தான் எந்தப் பைக்குள்ளும் அடுக்க ஏலாது.

அதனால் பெற்றோல் செட்டிலும் சாப்பாட்டுக் கடையிலும் வெக்கப்படாமல் கேளுங்கோ. இல்லையெண்டால், ஏன் இல்லை எண்டும் கேளுங்கோ. நாங்கள் தண்ணி குடிக்காமல் பேசாமல் போய்க்கொண்டிருந்தால், இந்த வீதியால் பெண்கள் போறதே இல்லை எண்டுதான் நினைப்பினம்.