வடிகட்டி வாங்குமுன் ஜலபரீட்சை

குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் யந்திரத்தை வீட்டில் வைத்துக்கொள்வது கிராமங்களிலும் இப்போது சாதாரணமாகிவிட்டது. நெல் விற்ற பணமோ, கரும்பு விற்ற பணமோ கைக்கு வரும் சமயம் பார்த்து, விற்பனைக்காரர் வாயிற்படியில் வந்து நிற்கிறார். பதினாயிரம், பதினையாயிரம் ரூபாய் கொடுத்து யந்திரத்தை வாங்கிச் சுவரில் மாட்டியவர்களை அணுகி, "உங்கள் கிணற்று ஜலத்தில் என்ன குறை இருந்தது?" என்று வினவினால், பெரும்பாலோரிடமிருந்து விடை கிடைப்பதில்லை. மண்ணைச் சோதித்துப் பாராமல் உரமிடுவது பணத்தைப் பாழாக்குவதாகும் என்பதைக் குடியானவர் ஒப்புக்கொள்ளுகின்றனர். ஆயினும் தாமும் தம் மக்களும் நாள்தோறும் பருகும் ஜலத்தின் விஷயத்தில் மட்டும் சோதனையின்றிச் செலவு செய்கின்றனர். வியாதி இன்னதென்று அறிந்த பின்னரே மருந்து கொடுப்பது முறை. ஜலத்தின் குறை இன்னதென்று அறிந்த பின்னரே வடிகட்டியைப்பற்றி யோசிப்பதும் முறையாகும்.

விற்பனைக்காரர் காட்டும் சோதனைகள்

விற்பனைக்காரர் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில், ஒன்றில் வீட்டுக் கிணற்று ஜலத்தையும் மற்றொன்றில் யந்திரத்தின் ஜலத்தையும் ஊற்றி, உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். கிணற்று ஜலம் சில நிமிஷங்களில் சேறுபோல் பழுப்பாகிவிடும். யந்திர ஜலம் தெளிவாகவே நிற்கும். பார்த்தவர் திகைத்துப் பணத்தை எடுத்து வைப்பார். ஆனால் அந்தப் பழுப்பு நிறம் ஜலத்தில் முன்பே இருந்த அழுக்கன்று. ஜலத்தில் கரைந்துள்ள உப்புக்களின் வழியாக மின்சாரம் ஓடும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாகப் படிகிறது. யந்திர ஜலத்தில் உப்பு மிகக் குறைவாதலால் மின்சாரம் நன்கு ஓடுவதில்லை, கம்பியும் கரைவதில்லை. ஐயமுள்ளவர்கள் யந்திர ஜலத்தில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, அதே கம்பிகளை மறுபடி விடச் சொல்லிப் பார்க்கலாம். அதுவும் பழுப்பாகிவிடும்.

இரண்டாவது, டி.டி.எஸ். மீட்டர் என்னும் சிறு கருவி. இது ஜலத்தில் மின்சாரம் ஓடும் தன்மையைக்கொண்டு, கரைந்துள்ள உப்புக்களின் மொத்த அளவைச் சுமாராகக் கூறுவது. எந்த உப்பு என்று அது கூறாது. கிருமி உண்டா இல்லையா என்பதும் அதற்குத் தெரியாது. இளநீரில் அதை வைத்தால் மிகப் பெரிய எண்ணைக் காட்டும். அதனால் இளநீர் கெடுதலாகிவிடாது. காக்கை எச்சம் படிந்த கூரையிலிருந்து வடிந்த மழைத் தண்ணீரில் வைத்தால் மிகச் சிறிய எண்ணையே காட்டும். அதனால் அந்த ஜலம் குடிக்கத் தக்கதாகிவிடாது. ஆகவே, எண் பெரிதென்று அஞ்சுவதும் சிறிதென்று மகிழ்வதும் ஒருங்கே தவறாகும்.

குறைகளின் வகை

ஜலத்தின் குறைகளை இரண்டு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். முதலாவது கிருமிக் குறை. வாந்திபேதி, டைபாய்டு, சீதபேதி, மஞ்சட்காமாலை முதலியன மனிதருடைய மலம் கலந்த ஜலத்தின் வழியாகப் பரவுகின்றன. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் ஜலத்திலும் இக்கிருமிகள் இருத்தல் கூடும். இரண்டாவது, கரைந்துள்ள பொருள்களால் வரும் குறை. இந்தியத் தர நிர்ணயத்தின் 10500 எண்ணுள்ள விதிப்படி, மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு ஜலம் கிடைக்காவிடில் 2,000 வரை ஏற்கலாம். ப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம், 1.5-க்கு மேல் கூடாது. நைட்ரேட்டு 45-க்கு மேல் கூடாது; இதற்கு விலக்கு இல்லை. கிருமிச் சோதனையில், 100 மில்லிலிட்டர் ஜலத்தில் மலக்கிருமி ஒன்றும் காணப்படலாகாது.

சோப்பு நுரையாமை, பருப்பு வேகாமை, பாத்திரத்தில் வெண்மையான உப்புப் படிதல் ஆகியவை கடினத்தன்மையின் அறிகுறிகள். இவை தொல்லையே தவிரப் பெரும்பாலும் வியாதியல்ல. பல்லில் பழுப்புக் கறையை உண்டாக்கி, நாளடைவில் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும் ப்ளோரைடோ, நிறமும் சுவையும் வாசனையும் இல்லாதது. தொல்லை தரும் குறை கண்ணுக்குத் தெரிகிறது. கேடு தரும் குறை தெரிவதில்லை. இதனாலேயே பரீட்சை அவசியமாகிறது.

பரீட்சைக்கு வெகுதூரம் போக வேண்டுவதில்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைகள் ஜில்லாத் தலைநகரங்களில் உள்ளன. 2019-ஆம் வருஷம் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ்க் கிராமப் பெண்களுக்கும் எளிய சோதனைப் பெட்டியை உபயோகிக்கப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கிறது. இரசாயன சோதனைக்குச் சுத்தமான புட்டியை அதே ஜலத்தால் மும்முறை அலம்பி நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்குப் பரிசோதனைச் சாலையார் தரும் கிருமி நீக்கிய புட்டியையே உபயோகித்து, குளிர்ச்சியாக வைத்து, தாமதமின்றிச் சேர்ப்பிக்க வேண்டும். கோடையில் ஒரு முறையும், மழைக்குப் பின் ஒரு முறையும் சோதிப்பது உத்தமம்.

எக்குறைக்கு எக்கருவி

ஜலம் கலங்கலாக மட்டும் இருந்தால், தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தெளியவைப்பதும், மணலில் வடிப்பதும் போதும். ஆனால் தெளிவு வேறு, சுத்தம் வேறு; இவற்றால் கிருமி முற்றும் நீங்கிவிடாது. இறைத்தபோது தெளிவாக இருந்து, சிறிது நேரத்தில் செம்மண் நிறமாகும் ஜலத்தில் இரும்பு உண்டு. அதைக் காற்றுப்படும்படி உயரத்திலிருந்து ஊற்றி, தெளியவைத்து, மணலில் வடித்தால் பெரும்பகுதி நீங்கும்.

குறை கிருமி ஒன்றே என்றால், நன்றாகத் தளதளவென்று கொதிக்கக் காய்ச்சி ஆறவைப்பதே கைகண்ட முறை. காய்ச்ச வசதியில்லாதவர்களுக்கு நுண்குழல் சவ்வு பொருத்திய வடிகட்டி பயன்படும். இது மின்சாரம் இல்லாமலே வேலை செய்யக்கூடியது, விலையும் குறைவு. யு.வி. என்னும் ஒளிக்கருவியும் கிருமியைக் கொல்லும். ஆனால் கலங்கல் ஜலத்தில் ஒளி ஊடுருவாது. மின்சாரம் நின்றால் வேலையும் நிற்கும். கரித்தூள் வடிகட்டி வாசனையை நீக்கும். காலத்தில் மாற்றாவிடில் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும்.

ப்ளோரைடு, நைட்ரேட்டு, மிகுந்த உப்பு ஆகியவற்றிற்குக் காய்ச்சுதல் பயன்படாது. காய்ச்சும்போது ஜலம் வற்றுவதால் இவற்றின் செறிவு சற்று மிகவே செய்யும். இவ்விடத்தில்தான் ஆர்.ஓ. என்னும் சவ்வு யந்திரம் தன் விலைக்குத் தக்கதாகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பாறைப் பிரதேசத்து ஆழ்துளைக் கிணறுகளில் ப்ளோரைடு மிகுந்திருந்தமையாலேயே, காவேரி ஜலத்தைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் வருஷம் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய இடங்களில், நல்ல ஜலம் வரும் குழாய் வீட்டுக்கு எட்டாதிருக்குமாயின், குழந்தைகளுள்ள வீட்டார் யந்திரம் வாங்கத் தயங்கலாகாது. முளைக்கும் பருவத்தில் கறைபட்ட பல் பின்னர் எந்த ஜலத்தாலும் பழைய நிலைக்கு வராது.

ஆனால் உப்பு அளவோடுள்ள ஜலத்திற்கு ஆர்.ஓ. வேண்டுவதில்லை. கரைபொருள் 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் இவ்யந்திரத்தைத் தடைசெய்யும் அறிவிப்பை வெளியிடும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ஆம் வருஷம் மே மாதம் உத்தரவிட்டது கவனிக்கத்தக்கது. அதற்குக் காரணம் ஜலம் வீணாவதே. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு தேறும் யந்திரத்தில் நான்கு குடம் ஜலம் விட்டால் ஒரு குடமே குடிக்கக் கிடைக்கும். மூன்று குடம் கழிவாகப் போகும். கழிவு ஜலத்தைப் பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் உபயோகிக்கலாம். உப்பு மிகுந்த கழிவைக் கீரைப் பாத்திக்கு நாள்தோறும் பாய்ச்சினால் மண் கெடும்.

வரவு செலவு

விலையை மட்டும் பார்ப்பது போதாது. யந்திரம் 12,000 ரூபாய், ஆறு வருஷம் உழைக்கும், சவ்வு, வடிகட்டி, பழுது ஆகியவற்றிற்கு வருஷம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷச் செலவு 5,000 ரூபாய் ஆகும். நாள் ஒன்றுக்கு 20 லிட்டர் வீதம் வருஷத்திற்கு 7,300 லிட்டர். லிட்டருக்குச் சுமார் 70 காசு விழும். ப்ளோரைடு உள்ள ஊரில் இது அற்பச் செலவு. நல்ல கிணறுள்ள ஊரில் இது முழுவதும் வீண். வாங்குவோர், சவ்வின் விலை என்ன, எத்தனை மாதத்திற்கொருமுறை மாற்ற வேண்டும், பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பவற்றை முதலிலேயே எழுத்தில் பெற வேண்டும். யந்திரம் வைத்தபின் அதன் ஜலத்தையும் ஒருமுறை சோதிக்கக் கொடுப்பது அவசியம். காலத்தில் சவ்வை மாற்ற மனமில்லாதவர் யந்திரம் வாங்காதிருப்பதே நலம். கெட்டுப்போன வடிகட்டி, சுத்தமென்ற பொய்யான தைரியத்தை மட்டுமே தரும்.

கிணறே முதல் வடிகட்டி

கிணற்று ஜலம் கெடுவதற்குப் பல சமயங்களில் நம்முடைய வேளாண்மைப் பழக்கங்களே காரணமாகின்றன. அளவுக்கு மீறி யூரியா இட்டு மிகுதியாக நீர் பாய்ச்சினால், பயிர் எடுத்துக்கொள்ளாத பங்கு நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்கிக் கிணற்றைச் சேருகிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுக்களுக்கு அந்த ஜலத்தில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தத்தில் பிராணவாயுவை ஏற்கும் சக்தி குறைந்து உடல் நீலம் பாரித்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். எருக்குழியும் கழிப்பறைக் குழியும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். மருந்து தெளிக்கும் கருவியைக் கிணற்றடியில் கழுவுதல் கூடாது. சொட்டு நீர்க் குழாயில் உரம் கரைத்துவிடுவோர், பம்பு நின்றவுடன் உரநீர் திரும்பிக் கிணற்றில் இறங்காமல் தடுக்கும் வால்வைப் பொருத்துவது கட்டாயம்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் சிமெண்டுத் தளமும், நீர் வடியக் கால்வாயும் அமைப்பது ஒருமுறைச் செலவு. கிருமியைப் போக்க, சுமாராக 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். அழுக்கு மிகுந்த கிணற்றுக்கு அதிகம் வேண்டும். நான்கு மீட்டர் குறுக்களவும் மூன்று மீட்டர் ஜலமும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 37,700 லிட்டர் இருக்கும். அதற்கு ஏறக்குறைய 95 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்து, கிணற்றில் இறக்கிக் கலக்கிவிட வேண்டும். ஒரு மணி நேரம் சென்றபின் ஜலம் எடுக்கலாம். இரவில் செய்வது சௌகரியம்.

கிராமத்தார் கடமை

இவ்விஷயத்தில் நிலச்சுவான்தாருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் தனிப்பொறுப்பு உண்டு. வசதியுள்ள வீட்டில் யந்திரம் வந்தவுடன், ஊர்க் கிணற்றைப்பற்றிய கவலை அவ்வீட்டாருக்கு நீங்கிவிடுகிறது. ஊராட்சித் தொட்டி கழுவப்பட்டதா, குளோரின் இடப்பட்டதா என்று கேட்பவர் குறைந்துவிடுகின்றனர். ஆயினும் நாற்று நடவும் களை எடுக்கவும் வருவோர் வயற்கிணற்று ஜலத்தையே குடிக்கின்றனர். நிலத்துக்குடையவர் இட்ட உரம் இறங்கிய ஜலத்தை, அவருடைய வீட்டார் வடிகட்டிக் குடிக்க, உழைப்பவரின் குழந்தை வடிகட்டாமல் குடிப்பது நியாயமாகாது.

ஆதலின், ஊராட்சித் தலைவர்கள் ஊரிலுள்ள எல்லாக் குடிதண்ணீர்க் கிணறுகளையும் குழாய்களையும் சோதிக்கச் செய்து, முடிவை ஊராட்சி மன்ற வாயிலிலும் கிராம சபையிலும் யாவரும் அறிய வெளியிடுவாராக. ப்ளோரைடோ உப்போ மிகுந்த ஊர்களில், நூறு வீட்டார் நூறு யந்திரம் வாங்குவதைவிட, நல்ல ஜலம் உள்ள இடத்திலிருந்து குழாய் கொண்டுவரவோ, ஊருக்குப் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் அமைத்து ஒழுங்காகப் பராமரிக்கவோ முயல்வது மேலானது. அதுவரையில் தேவையுள்ள வீட்டார் தக்க கருவியை வாங்கலாம். தேவை உண்டா என்பதைக் கூற வேண்டியது விற்பனைக்காரரல்லர். பரிசோதனைச் சாலையின் சீட்டேயாகும். அச்சீட்டு கைக்கு வரும்வரையில் பணத்தைப் பெட்டியில் வைத்திருப்பதே விவேகம்.