பெட்டி பெரிசா? அப்போ ரயில்!

புதுச்சேரியில் ‘பையன் பிரான்ஸ்ல இருக்கான்’ என்று யாராவது சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 1962-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு சென்னையில் விமானம் ஏறும்வரை குழப்பமில்லை. பாரிஸ் போய் இறங்கிய பிறகு, ‘லண்டன்ல இருக்கற சித்தி வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமே’ என்று கிளம்பும்போதுதான் கேள்வி வருகிறது. ரயிலா, விமானமா?

‘ரயில்தானே மலிவு’ என்பது நம் ஊர்க் கணக்கு. அங்கே அது பல நேரம் செல்லாது. அதிவேக ரயில்களிலும் விமானம் மாதிரியே, சீட் நிறைய நிறைய விலை ஏறும். சில மாதங்களுக்கு முன்பே எடுத்தால் லாபம். முந்தின நாள் எடுத்தால், விமானமே மலிவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால், டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவு விலை விமானங்களில் சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்னப் பைதான் இலவசம். மிளகாய்த்தூள், வடகம், ஊறுகாய் என்று நம் அம்மாக்கள் கட்டும் பெட்டிக்குத் தனியாகக் காசு. சில மலிவு விமானங்கள் இறங்கும் போவே விமான நிலையம், பெயரில்தான் பாரிஸ். நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல்! புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போய்த் திரும்புகிற தூரம்.

பாரிஸ் - லண்டன் விமானம் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். யூரோஸ்டார் ரயிலுக்கு சுமார் 2 மணி 20 நிமிடம். ரயில் புறப்படும் ‘கார் து நோர்’ ஸ்டேஷன் ஊருக்கு நடுவில், லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லண்டனிலும் நகருக்குள்ளேயே இறங்கலாம். இரண்டு பெரிய பெட்டி இலவசம். 100 மில்லி கட்டுப்பாடும் கிடையாது. விமானத்துக்கு ஏர்போர்ட் போகிற, காத்திருக்கிற நேரத்தைக் கூட்டினால் ரயில்தான் முந்தும்.

ஒரு எச்சரிக்கை: பிரான்ஸுக்கு வாங்கிய ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது. ரயில் ஏறும் முன்பே பாரிஸிலேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் பார்த்துவிடுவார்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் 2025 ஏப்ரல் முதல் ‘ஈ.டி.ஏ.’ என்ற முன் அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் முடித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பிரான்ஸுக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம். லியோன் 2 மணி நேரம், மார்செய் மூன்றரை மணிக்குள். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற சில உள்நாட்டு விமானத் தடங்களை 2023-ல் அரசே தடை செய்துவிட்டது. சார்ல் து கோல் ஏர்போர்ட்டுக்குள்ளேயே ரயில் ஸ்டேஷன் இருப்பதால், சென்னையிலிருந்து இறங்கியவர்கள் பாரிஸுக்குள் போகாமலே லியோன் போய்விடலாம்.

பார்சிலோனா ஆறே முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் பிடிக்கும் என்றால் ரயில், இல்லையென்றால் விமானம். ரோமுக்கு விமானமே மேல்.

முட்டி வலிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே போர்ட்டர் கிடையாது, பெட்டியை நாமேதான் தூக்கி ஏற்ற வேண்டும். வீல்சேர் உதவி ரயிலிலும் உண்டு, ஒரு நாள் முன்பாகவே பதிவு செய்ய வேண்டும். எழும்பூரா, சென்ட்ரலா என்பது மாதிரி பாரிஸிலும் திசைக்கொரு ஸ்டேஷன். ‘கார் து லியோன்’ இருப்பது லியோனில் அல்ல, பாரிஸில்! சரியான ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே போய்விடுங்கள். உள்நாட்டு அதிவேக ரயில்களில் புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே கதவு மூடிவிடும்.