படித்தது ஒன்று, செய்வது ஒன்று

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கத்து நூல் நிலையத்தில் பழைய இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, செம்பூரிலிருந்து அன்பர் ஒருவர் வந்தார். கிடங்கு ஒன்றில் முப்பதாண்டுக் காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அவருடைய மூத்த மகன் பொறியியல் பட்டம் பெற்று, ஐரோலியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான்.

"வேலையை விட்டுவிட்டுப் படம் போடப் போகிறானாம், ஐயா! இதற்கா வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்தோம்? நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்கள். அவன் கண்ணில் படும்படி நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள்" என்றார்.

நல்ல வார்த்தை என்று அவர் கருதியது எது என்பது நமக்குத் தெரியாததன்று. வேலையை விடாதே என்பதுதான். அவ்வாறு எழுத நமக்கு மனம் வரவில்லை. விட்டுவிடு என்று எழுதவும் துணிவு வரவில்லை. ஆகவே, கற்ற கல்வி ஒன்றும் ஏற்ற தொழில் வேறொன்றுமாக வாழ்ந்து புகழ் பெற்ற நம்மவர் சிலருடைய வரலாற்றை எடுத்துப் பார்த்தோம். எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்நகரத்தோடு தொடர்புடையவர்கள்.

படம் போடுவது என்றதும் ஆர். கே. லக்ஷ்மண் நினைவுக்கு வராமல் இருப்பாரா? மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் 1921-ஆம் ஆண்டு பிறந்தவர், நாவலாசிரியர் ஆர். கே. நாராயணின் இளவல். ஓவியம் பயில விரும்பிப் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார். போதிய திறமை இல்லை என்று மறுத்துவிட்டார்கள்! பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். ஆனால் நேயர்கள் கவனிக்க வேண்டியது இதற்கிடையே நிகழ்ந்ததைத்தான். குழந்தைப் பருவத்திலேயே வீட்டுத் தரையையும் சுவரையும் கதவையும் விட்டுவைக்காமல் வரைந்தவர் அவர். கல்லூரியில் படிக்கும்போதே தமையனாரின் கதைகளுக்கு 'ஹிந்து' நாளிதழில் சித்திரம் தீட்டினார். பத்திரிகைகளுக்குக் கேலிச் சித்திரங்களும் அனுப்பினார். கலைப்பள்ளி கதவைச் சாத்தியதற்காகப் பென்சிலைக் கீழே வைத்துவிடவில்லை. பம்பாய்க்கு வந்து முதலில் 'ஃபிரீ பிரெஸ் ஜர்னல்', பிறகு 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' என்று அமர்ந்தார். 1951-இல் தொடங்கிய அவருடைய சிறு கட்டச் சித்திரம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிவந்தது. கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து, ஒரு சொல்லும் பேசாமல் நாட்டு நடப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் பொதுமனிதருக்கு இன்று வோர்லிக் கடற்கரையில் சிலை இருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் தலைப்புச் செய்தியைப் படிக்கும் முன் அந்தக் கட்டத்தைத்தானே பார்த்தோம்!

செம்பூர் அன்பருக்கு இன்னும் அண்மையான சான்று வேண்டுமானால், அவருடைய பேட்டையிலேயே இருக்கிறது. பாடகர் சங்கர் மகாதேவன் 1967-இல் செம்பூரில் பிறந்தவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தினர். நெருலில் உள்ள ராம்ராவ் ஆதிக் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிப்பொறியியல் பயின்று 1988-இல் பட்டம் பெற்றவர். மென்பொருள் பொறியாளராகச் சில காலம் பணியும் புரிந்தார். பிறகு பணியை விட்டுப் பாட வந்தார். 1998-இல் மூச்சு விடாமல் பாடுவது போன்ற ஒரு பாட்டால் நாடறிந்தவரானார். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில் பாடியதற்குத் தேசிய விருது பெற்றார். 2024-ஆம் ஆண்டு 'சக்தி' குழுவினருடன் கிராமி விருதும் பெற்றார்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "கம்ப்யூட்டரை விட்டார், கோடீசுவரரானார்" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதை. ஐந்து வயதில் அவர் வீணையைத் தொட்டார். டி. ஆர். பாலாமணி அம்மையாரிடம் கர்நாடக இசை பயின்றார். (பம்பாய் ஜெயஸ்ரீக்கும் இளமையில் இசை கற்பித்தவர் இந்த அம்மையார்தாம். வரவேற்பறையில் பாய் விரித்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் இத்தகைய ஆசிரியர்களுக்கு இந்நகரம் பட்டிருக்கும் கடனை எவரும் கணக்கெடுத்ததில்லை.) பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று, அதற்குள் இசையில் பதினாறு ஆண்டுப் பயிற்சி ஆகியிருந்தது. அவர் விட்டது சில காலத்து வேலையை; பிடித்துக்கொண்டதோ அதைப் போல் பன்மடங்கு பழையதொரு கல்வியை.

பாடகர் ஹரிஹரனும் இவ்வாறே. மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியிலும் நம் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியிலும் பயின்றவர், அறிவியலும் சட்டமும் படித்தவர். அன்னையார் அலமேலு மணியிடம் கர்நாடக இசையும், உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி இசையும் கற்றார். கஜல் பாடுவதற்காக உருது மொழியையும் முயன்று கற்றுக்கொண்டார். வீட்டில் தமிழும் மேடையில் உருதுவுமாக ஒருவர் வெற்றி பெறுவது பம்பாயில் அல்லாமல் வேறெங்கே எளிதில் நடக்கும்? 1977-இல் ஓர் இசைப் போட்டியில் முதலிடம் பெற்றதைக் கண்டு இசையமைப்பாளர் ஜெய்தேவ் 'கமன்' படத்தில் பாட அழைத்தார்.

இவ்வளவும் நம் கட்சிக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் மாறான சான்றையும் மறைத்தல் நேர்மையாகாது. இயக்குநர் மணிரத்னம் இந்நகரத்து ஜம்னாலால் பஜாஜ் கழகத்தில் நிர்வாகவியல் பட்டம் பெற்றவர். நிர்வாக ஆலோசகராகப் பணிபுரிந்து, அதை விட்டுத் திரைப்படத்துக்கு வந்தார். எந்த இயக்குநரிடமும் முறையாக உதவியாளராக இருந்து தொழில் பழகியவர் அல்லர். 1983-இல் கன்னடத்தில் எடுத்த முதற்படம் பெரும் வெற்றி பெறவில்லை. 1986-இல் வந்த 'மௌன ராகம்' ஐந்தாவது படம். அதுதான் அவரை நிலைநிறுத்தியது. மறு ஆண்டு 'நாயகன்' வந்தது. இங்கே மாணவராக இருந்த நாட்களில் வரதராஜ முதலியாரைப் பற்றி அறிந்ததே அக்கதைக்கு வித்து. வகுப்பறைக்கு வெளியே கற்றதுதான் பயன்பட்டது என்று சொல்லலாம். ஆயினும் அவர் தந்தையார் திரைப்பட விநியோகத் தொழிலில் இருந்தவர். உறவினர் 'வீனஸ்' கிருஷ்ணமூர்த்தி பெரும் படத்தயாரிப்பாளர். அந்தத் தொழிலின் ஏற்றத்தாழ்வுகளை வீட்டுக்குள்ளேயே கண்டு வளர்ந்தவரோடு, வாடகை வீட்டுப் பிள்ளை தன்னை ஒப்பிட்டுக்கொள்ளுமுன் சற்று யோசிக்க வேண்டும்.

தாராவியில் இது இன்னும் கடுமையான கேள்வி. திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிடும் வேலையில் பாட்டனார் உழைத்த வீட்டில், பேரன்தான் முதற் பட்டதாரி. அவன் சம்பளத்தை விடுவதென்றால் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை விடுவதாகும். அவனிடம் போய் "உள்ளம் விரும்பியதைச் செய்" என்று மேடையில் முழங்குவது நமக்கு உவப்பில்லை. அவனிடத்தில் கலை இல்லை என்பதன்று. அதைப் பழகுவதற்கு ஓர் இடமும் மாலையில் இரண்டு மணி நேரமும் அவனுக்கு யார் கொடுத்தார்கள்? நம் சங்கக் கட்டடம் வாரத்தில் ஐந்து மாலை பூட்டிக் கிடக்கிறது. செயற்குழுவினர் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.

அடுத்த ஞாயிறு செம்பூர் அன்பர் மறுபடியும் வந்தார். நாம் அறிவுரை ஏதும் கூறவில்லை. "மகன் எத்தனை ஆண்டுகளாக வரைகிறான்?" என்று மட்டும் கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. "வரைந்தவற்றைப் பார்த்தீர்களா?" என்றோம். பார்த்ததில்லை என்றார். குரல் சற்றுத் தாழ்ந்தது.

மூன்றாம் ஞாயிறு துணிப்பை ஒன்றுடன் வந்து, மேசைமேல் நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தார். பதினொன்று இருந்தன. முதல் நோட்டில் எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. துறைமுக மார்க்க ரயிலில் உறங்குபவர்கள், குர்லா நிலையத்துப் படிக்கட்டு, மீன்கூடைக்காரிகள், தேநீர்க் கடைகள். தொடக்கத்தில் கைகள் யாவும் கோணலாக இருந்தன; ஐந்தாவது நோட்டிலிருந்து கைகள் கைகளாகவே இருந்தன.

அவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வரும் தீபாவளி வரை வேலையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறான் என்றார். பிறகு நோட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரயிலில் கூட்டம் ஏறுமுன் போக வேண்டும் என்று எழுந்தார்.