கரண்டைக்குக் கீழே இறங்கிய கார்

தொழுகைக்கு வரும் இளைஞனின் கால்சட்டை கரண்டைக்குக் கீழே இறங்கியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டும் பெரியவர்களுக்கு நம் பள்ளிவாசல்களில் பஞ்சமில்லை. சுட்டிக்காட்டட்டும், நல்லதே. ஆனால் அதே இளைஞன் வாசலில் நிறுத்திவிட்டு வந்திருக்கும் கார் தரையோடு தரையாக இழுபடும்போது, அதைச் சுற்றி நின்று கைப்பேசியில் படமெடுக்கிறார்கள். "எவ்வளவு செலவாச்சு தம்பி?" என்ற கேள்வியில் கண்டனம் இல்லை, வியப்புத்தான் இருக்கிறது. பெருமைக்காக ஆடையைத் தரையில் இழுபட விடுவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அங்கே கண்டிக்கப்பட்டது துணியா, பெருமையா?

அறந்தாங்கியிலிருந்து மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி என்று நீளும் நம் கடற்கரை ஊர்களிலும் இந்த மோகம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டுகிறது. பிள்ளைகள் கனவு காண்பது நிசான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா போன்ற ஜப்பானிய வேகக் கார்களை. பழைய வாகனங்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்வதற்கான விதிகள் கடுமையானவை. வரியும் மிக அதிகம். ஆகவே கனவு வந்து இறங்குவது ஒரு பழைய ஹோண்டா சிட்டியின் மீது. அல்லது 1998 முதல் நம் திருவள்ளூரிலேயே தயாரான மிட்சுபிஷி லேன்சரின் மீது. அதுவும் கிடைக்காவிட்டால் சுசூகி ஸ்விஃப்டின் மீது. ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள், அல்லது குட்டை ஸ்பிரிங் மாட்டுகிறார்கள். அளவுக்கு மீறிய அகலமான அலாய் சக்கரங்களைப் பூட்டி, அவை மட்கார்டில் உரசாதிருக்க, மேல்பக்கம் உள்ளே சாயும்படி கோணலாக நிறுத்துகிறார்கள். சைலன்சரையும் மாற்றிவிட்டால் 'ஸ்டான்ஸ்' கார் ஆயத்தம்.

இதில் என்ன கெடுதி என்று கேட்பவர்கள் அந்தக் காரின் டயரைக் குனிந்து பார்க்கட்டும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்து கம்பி தெரியும். வெளிவிளிம்பு புதிதாகவே இருக்கும். டயர் முழு அகலத்தில் சாலையைப் பற்றவில்லை என்பதே அதன் பொருள். பிரேக்கை மிதித்தால் வண்டியை நிறுத்துவது அந்தப் பிடிமானம்தான். வெட்டிய ஸ்பிரிங் குழியில் அடிவாங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்கு இடமில்லாமல் போகிறது. அந்த அடி சக்கரத்தின் பேரிங்குக்கும் ஸ்டீயரிங் இணைப்புகளுக்கும் செல்கிறது. மழைநாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஆடு குறுக்கே வந்தால், அல்லது மதரஸா விட்டு வரும் ஒரு குழந்தை குறுக்கே வந்தால், காரின் அழகு அங்கே உதவாது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்றவர்கள் நாம். இடையூறையே சக்கரம் பூட்டி ஓட்டுவதை என்னவென்று சொல்வது?

இந்த மோகத்தின் தாயகமான ஜப்பானிலேயே இதற்கு எல்லை உண்டு. அங்கே வாகனத் தகுதிச் சோதனையில் தேற, காரின் அடிப்பகுதி தரையிலிருந்து குறைந்தது 9 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதுவும் கண்ணாடிபோல் வழவழப்பான சாலைகள் உள்ள நாட்டில்! நம் நாட்டில் வேகத்தடைக்கு வகுக்கப்பட்ட அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அகலத்தைப் பொருட்படுத்தாமல் குறுகலாகவும் செங்குத்தாகவும் கொட்டப்பட்ட தடைகளே நம் தெருக்களில் அதிகம். அவற்றின் முன்னே வந்ததும் இந்தக் கார்கள் ஊர்ந்து, சாய்ந்து, பின்னால் வரும் ஆட்டோவையும் ஆம்புலன்ஸையும் காக்கவைத்துக் கடக்கின்றன. நள்ளிரவில் உம்மாவுக்கு நெஞ்சுவலி என்றால் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைய அந்தக் காரை எவரும் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக் காரைத்தான் கேட்கிறார்கள்.

சட்டமும் மௌனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கேற்ப வண்டியை மாற்றியமைக்க இதே சட்டம் வழி திறந்து வைத்திருக்கிறது. தேவைக்கு உண்டு, பகட்டுக்கு இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க இயலாது. நான்கு அலாய் சக்கரங்கள், அவற்றுக்கேற்ற டயர்கள், ஸ்பிரிங், சைலன்சர், கூலி என்று போவது பெரும்பாலும் சபுராளியின் சம்பாத்தியம். துபாயிலோ கோலாலம்பூரிலோ ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்தெழும் தகப்பனின் வியர்வை அது. அவர் தமக்கென ஒரு நல்ல செருப்பு வாங்க யோசிப்பார். வீண்விரயம் செய்வோரைத் திருமறை யாருடைய சகோதரர்கள் என்கிறது என்பதை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு அதே வாரம் நிக்காஹ் ஊர்வலத்துக்கு முன்னால் போக இந்தக் காரையே அழைக்கிறோமே, அது என்ன நியாயம்? லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் இருப்பதை மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். மாற்றிய சைலன்சரின் அலறலில் இஷாவுக்குப் பின் உறங்கப்போன முதியவர் திடுக்கிட்டு எழுகிறார்.

"இளைஞனுக்கு ஓர் ஆசை கூடவா கூடாது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். கூடும். இயந்திரத்தின் மீதான ஆசை பழிக்கத்தக்கதன்று. நம் பிள்ளைகளில் சிலர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் லாவகத்தைப் பார்த்தால் மகிழ்ச்சியாகவே இருக்கிறது. அந்தக் கைகளை ஐ.டி.ஐ.க்கோ ஆட்டோமொபைல் படிப்புக்கோ அனுப்பலாம். வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. அங்கே தலைக்கவசமும் மருத்துவ உதவியும் விதிகளும் உண்டு, குறுக்கே வரும் குழந்தை இல்லை.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளும் சக்கரங்களும் பல வேளைகளில் பட்டறையின் மூலையிலேயே கிடக்கும். விடுமுறையில் ஊர் வரும் தகப்பன்மார் முதல் வாரத்திலேயே மகனை அழைத்துக்கொண்டு போய் அவற்றைக் கேட்டு வாங்கட்டும். வெட்டிவிட்டிருந்தால் புதியது வாங்கலாம். செலவானது போக, அதையும் மகனின் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.